நின்றதும் முனகியதும்

மார்ச் 3, திங்கள்

200 தோட்டாக்கள் போடலாம் என்று உட்கார்ந்தேன்; 41-இல் எழுந்துவிட்டேன். கேஸ் ஃபீடர் மறுபடியும் நின்றது.

இந்தக் கருவியைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. சுட்டு முடித்த பித்தளை உறைகளைச் சுத்தம் செய்து, புதிதாகப் பிரைமரும் (ஊசி குத்தியதும் பொறி தரும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்து மீண்டும் தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். அதைச் செய்யும் கை இயந்திரமான பிரஸின் கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அதற்கு ஒரு புது உறை வேண்டும். அதைக் கையால் எடுத்து வைக்கும் தொல்லை இல்லாமல் இருக்கத்தான் ஃபீடர். தலைக்கு மேலே சாய்வாக ஒரு கிண்ணம். அதன் அடியில் ஓரமெல்லாம் பள்ளம் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டுக்குக் கீழே மெதுவாகச் சுழலும் மோட்டார். பள்ளத்தில் படுத்துக்கொண்ட உறை உச்சிக்குப் போய், அங்குள்ள துளை வழியாகக் குழாயில் விழும். குழாய் நிறைந்ததும் பக்கத்திலுள்ள மைக்ரோ சுவிட்சின் நெம்புகோலை உறைகளே அழுத்தி மோட்டாரை நிறுத்திவிடும். கீழே ஒன்று இறங்கினால் மறுபடி ஓடும்.

இன்று குழாய் காலியாக இருக்கும்போதே நின்றது. கிண்ணத்தின் ஓரத்தில் தட்டினேன், ஓடியது. பத்து உறைக்கு ஒருமுறை தட்ட வேண்டியிருந்தது. கடைசியில் தட்டியதைத் தட்டல் என்று சொல்ல முடியாது, குத்து.

மார்ச் 4, செவ்வாய்

இன்று முனகியது. தட்டு அசையவில்லை, அடியில் மோட்டார் மட்டும் ம்ம்ம் என்று. மோட்டாரின் சுழற்சியை உராய்வால் தட்டுக்குக் கடத்தும் கிளட்ச் வழுக்குகிறது என்று முடிவு செய்தேன். மையத் தண்டில் ஒரு ஸ்பிரிங், அதன் மேல் ஒரு நட்டு; நட்டை இறுக்கினால் கிளட்சின் பிடிமானம் கூடும். கால் சுற்று இறுக்கினேன். 60 உறைகள் தடையில்லாமல் வந்தன. பிறகு மறுபடி முனகியது. இன்னும் அரைச் சுற்று.

வெற்றி என்று எழுதிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.

மார்ச் 6, வியாழன்

வெற்றி ஒன்றும் இல்லை. இரண்டு முறை நின்றது, ஒருமுறை முனகியது. போதாததற்கு உறைகள் தலைகீழாகவும் விழத் தொடங்கிவிட்டன. வாய் கீழே, அடி மேலே. அப்படி ஒன்று பிரஸில் இறங்கினால் கைப்பிடி பாதியில் முட்டி நிற்கும், உறை நசுங்கும்.

சுடுதளத்தில் எனக்கு மூத்தவரான அண்ணனை அழைத்தேன். முப்பது வருடமாக இதையே செய்கிறவர்.

"தம்பி, கிண்ணத்தில் எவ்வளவு கொட்டியிருக்கிறாய்?"

"நிறைய, அண்ணா."

"மூன்றில் ஒரு பங்குக்குக் குறை. வேகத்தையும் குறை. நட்டை மட்டும் தொட்டுவிடாதே."

தொட்டுவிட்டதை அவரிடம் சொல்லவில்லை.

குறைத்ததும் தலைகீழ் விழுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. காரணம் எளிது. உறையின் அடிப்பாகம் கெட்டிப் பித்தளை, வாய்ப்பக்கம் வெறும் சுவர். துளையின் விளிம்புக்கு வந்ததும் கனமான பக்கம் முதலில் சாய்ந்து இறங்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கருவியே நிற்கிறது. நீளமான ரிவால்வர் உறைகளில் இந்த எடை வித்தியாசம் நன்றாக வேலை செய்யும். நான் போடும் 9 மி.மீ. கைத்துப்பாக்கி உறையோ 19.15 மி.மீ. நீளம்தான், குட்டையும் குண்டுமாக இருப்பதால் சாய்வதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். தட்டு வேகமாக ஓடினாலோ, மேலே குவிந்து கிடக்கும் உறைகள் இடித்தாலோ அந்த அவகாசம் கிடைக்காது.

இன்னொன்றையும் இங்கே எழுதி வைக்க வேண்டும். ஃபீடர் நிற்பதில் ஆபத்து ஏதும் இல்லை. நின்றவுடன் நான் தலையைத் தூக்கி மேலே பார்க்கிறேனே, அதில்தான் ஆபத்து. குனிந்து திரும்புவதற்குள் எந்த உறைக்கு மருந்து விழுந்தது, எதற்கு விழவில்லை என்பது மறந்துபோகும். இரட்டிப்பு மருந்து துப்பாக்கியைப் பிளந்துவிடும். மருந்தே இல்லாத தோட்டாவில் பிரைமரின் விசை மட்டும் குண்டைத் தள்ள, அது குழலுக்குள்ளேயே தங்கிவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். அதனால் இன்று முதல் ஒரு சட்டம்: ஒருமுறை நின்றால், பிரஸின் சுழல் தட்டில் இருக்கும் எல்லா உறைகளையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றின் உள்ளும் பார்த்த பிறகே மறுபடி கைப்பிடி. பழுது தீரும்வரை மருந்தும் பிரைமரும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

மார்ச் 8, சனி

காலையில் காப்பியோடு மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். திங்கள்கிழமை "நின்றது". செவ்வாய்க்கிழமை "முனகியது". வியாழக்கிழமை இரண்டும். எழுதியவனுக்கே தெரியாமல் இரண்டு வார்த்தைகள்.

முனகினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, தட்டுதான் சுற்றவில்லை. சத்தமே இல்லையென்றால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை. முதலாவது இயந்திரக் கோளாறு, இரண்டாவது மின் கோளாறு. இரண்டு நோய்க்கும் நான் ஒரே நட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிரஸிலிருந்து குழாயைப் பிரித்து, கீழே ஒரு அட்டைப்பெட்டியை வைத்து, 300 காலி உறைகளை ஓட்டினேன். ஒரு தாளில் இரண்டு பத்தி: சத்தம் உண்டு, சத்தம் இல்லை. 11 முறை நின்றதில் 7 முறை சத்தம் உண்டு, 4 முறை இல்லை. சத்தமில்லாத நான்கிலும் ஓரத்தில் தட்டினால் ஓடியது. முனகிய ஏழிலும் தட்டிப் பயனில்லை. தட்டைக் கையால் சற்றுப் பின்னோக்கித் திருப்பினால்தான் விட்டது.

இவ்வளவு தெளிவாக அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் குத்திக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

முனகலை முதலில் எடுத்தேன். பிளக்கைப் பிடுங்கி, கிண்ணத்தைக் காலி செய்து, நட்டைக் கழற்றித் தட்டைத் தூக்கினேன்.

அடியில் ஒரு .22 உறை (9 மி.மீ.யைவிடச் சிறிய ரகத் தோட்டாவுடையது), வெற்றிலைபோலத் தட்டையாக. சுடுதளத்துத் தரையிலிருந்து என் பித்தளையோடு சேர்த்துப் பொறுக்கப்பட்டு வந்தது. அதன் உடல் 6 மி.மீ.கூடப் பருமன் இல்லை. தட்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையிலுள்ள சந்தில் எப்படியோ புகுந்திருக்கிறது. கிளட்ச் தளர்வாக இருந்தபோது அங்கே வந்து தட்டு வழுக்கி நின்றது. அதாவது கிளட்ச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நான் நட்டை இறுக்க, தட்டு அதன் மேல் ஏறி அதை நசுக்கியது. கைமாறாகத் தட்டின் ஒரு பள்ளத்து ஓரம் சில்லு பெயர்ந்திருக்கிறது. இது முழுக்க என் கைங்கரியம்.

இரண்டாவது, அடியெல்லாம் பழுப்புநிறப் பசை. உறைகள் டையில் (பிரஸில் உறைக்கு வடிவம் கொடுக்கும் அச்சில்) இலகுவாக ஏறி இறங்க, ஆல்கஹாலில் லானோலின் என்ற கம்பளிக் கொழுப்பைக் கலந்து தெளிப்பேன். ஆல்கஹால் ஆவியாகி, மெல்லிய படலம் மட்டும் மிஞ்ச வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும். ஆறவிடாமல் கொட்டியிருக்கிறேன். ஈரம், பித்தளைத் தூள், உறைகளை மெருகேற்றிய தூசி மூன்றும் சேர்ந்து அப்பிக்கொண்டன. கிளட்சின் உராய்வுப் பரப்பிலும் அந்தப் படலம். காய்ந்து கிடக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் வழுக்காமல் என்ன செய்யும்?

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எல்லாவற்றையும் துடைத்து உலர்த்தினேன். நட்டை முழுக்கத் தளர்த்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஓடும் தட்டின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் தட்டு நிற்க வேண்டும், மோட்டார் திணறக் கூடாது. அந்த இடத்தில் விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை இறுக்கியதற்கு ஒரு சுற்றுக்கும் மேலே தளர்வு.

மார்ச் 10, திங்கள்

மௌனத்தின் முறை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மைக்ரோ சுவிட்சின் ஒயர்களைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்தேன். அழுத்தாதபோது மின்வழி மூடியிருக்க வேண்டும், அழுத்தினால் திறக்க வேண்டும். அழுத்தினேன், திறந்தது. விட்டேன், திறந்தே இருந்தது. மூன்று வினாடி கழித்து, தயங்கித் தயங்கி மூடியது. அதே லானோலின் பசை நெம்புகோலின் அடியிலிருக்கும் சின்னப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் குத்தியபோதெல்லாம் அதிர்ச்சியில் பொத்தான் மேலே வந்திருக்கிறது. அவ்வளவுதான் என் வைத்தியம்.

துடைத்தும் முழுதாகச் சரியாகவில்லை. சுவிட்ச் உள்ளேயும் குடித்திருக்கும். புதிது வாங்குவதே மேல்.

மார்ச் 13, வியாழன்

புதிய சுவிட்ச். அதே அளவு, அதே துளைகள், அதே மின் அளவு. மாட்டி ஓட்டினால் மோட்டார் நிற்கவே இல்லை! குழாய் நிறைந்து, அதன் மேல்வாயிலுள்ள புனலும் நிறைந்து, உறைகள் தரையில் கொட்டின. மேசைக்கு அடியில் தவழ்ந்து பொறுக்கினேன்.

உடலில் அச்சிட்டிருப்பது மின் அளவு மட்டுமே. அழுத்துவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று அங்கே இல்லை. காலி 9 மி.மீ. உறை சுமார் 4 கிராம். பழையதில் நெம்புகோல் நீளம், அதனால் லேசான உரசலே போதும். புதியதில் பாதி நீளம். பழையதன் நெம்புகோலைக் கழற்றிப் புதியதில் மாட்ட முயன்று அதை வளைத்ததுதான் மிச்சம். நீண்ட நெம்புகோல் உள்ளதாகப் பார்த்து இன்னொன்று தேடி வாங்கினேன்.

மார்ச் 15, சனி

மாட்டினேன். நெம்புகோலின் நுனி குழாயின் உட்சுவரைத் தாண்டி ஓர் உறையின் அகலத்தில் கால்வாசி நீட்டியிருக்குமாறு திருகுகளைச் சரிசெய்தேன். அதிகம் நீட்டினால் ஒற்றை உறையே சிக்கிக்கொள்கிறது; குறைந்தால் வியாழக்கிழமை கதைதான்.

உறைகளை 8 மி.மீ. துளையுள்ள சல்லடையில் சலித்தேன். .22-இன் விளிம்பு 7 மி.மீ.யைச் சற்றே தாண்டும், கீழே விழுந்துவிடுகிறது. 9 மி.மீ. உறையின் விளிம்பு ஏறக்குறைய 10 மி.மீ., மேலே நிற்கிறது. 300-க்கு 14 விழுந்தன. இத்தனை நாள் இவற்றையும்தான் கொட்டியிருக்கிறேன்.

மருந்தில்லாமல் 300 ஓட்டம். மௌனம் ஒருமுறைகூட இல்லை. தலைகீழ் ஒன்று. 212-ஆவது உறையில் முனகல். கை தன்னால் ஸ்பேனரை நோக்கிப் போனது. திருப்பி இழுத்துக்கொண்டு துளைக்குள் பார்த்தேன்: ஒரு 9 மி.மீ. உறையின் வயிற்றுக்குள் ஒரு .22, பாதி வெளியே நீட்டியபடி. சல்லடைக்குத் தெரியாமல் கருவிலிருந்த பிள்ளைபோல வந்திருக்கிறது. குறட்டால் எடுத்துப் போட்டேன். தட்டு தானே சுற்றியது.

நாளை காலை மருந்தை அறைக்குள் கொண்டுவரலாம்.