பினாங்குப் பாலத்தில் திணறிய மோரிஸ் மைனர்

பினாங்கு போய்விட்டு நேற்று இரவு பதினொரு மணிக்குத்தான் கோலாலம்பூர் செந்தூல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கையில் பெட்ரோல் வாடை இன்னும் போகவில்லை. எந்தச் சாலை, எங்கே தங்கினேன், எவ்வளவு செலவு என்று வரிசையாக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் காடியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மனது ஆறவில்லை.

1967 மோரிஸ் மைனர் 1000 கார். 1098 சிசி எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்க ஒற்றை எஸ்யூ கார்புரேட்டர். தாத்தா தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தபோது வாங்கியது. அப்புறம் அப்பா, இப்போது நான். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, எக்சலேட்டரை மிதித்தால் எஞ்சின் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் இழுத்தது. கோலாலம்பூரிலேயே ஒரு பட்டறையில் விட்டேன். அரை மணி நேரத்தில் "டியூன் பண்ணியாச்சு பாஸ்" என்று 280 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார்கள். தயக்கம் குறைந்த மாதிரிதான் இருந்தது. நம்பிக் கிளம்பிவிட்டேன்.

ஈப்போ வரை சொல்ல ஒன்றுமில்லை. மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில்தான் ஆரம்பித்தது. லோரிகளுக்குப் பின்னால் மூன்றாவது கியரில் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தால் கரும்புகை. சுங்கை பேராக் ஓய்விடத்தில் நிறுத்தி ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். அடுப்புக்கரி பூசியதுபோல் கருப்பு. தொட்டி 29 லிட்டர்தான். ஒழுங்காக ஓடினால் பினாங்கு வரை அதுவே போதும். இந்த முறை வழியிலேயே இரண்டாவது தடவை பெட்ரோல் ஊற்ற வேண்டியதாயிற்று.

முன்பெல்லாம் பட்டர்வொர்த்தில் காடியை ஃபெர்ரியில் ஏற்றி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டே தீவுக்குப் போகலாம். இப்போது ஃபெர்ரியில் கார் ஏற்றுவதில்லை. அதை நிறுத்தியது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆக, 13.5 கிலோமீட்டர் பாலம். அன்று மாலை அங்கே ஊர்ந்து போகும் நெரிசல். ஐடிலில் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி இரண்டு முறை நின்றுவிட்டது. சோக்கைத் தொடாமல் எக்சலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைப் போட்டால்தான் பிடித்தது. கெட்டுப்போன காடிகளை இழுத்துப் போகும் தோ வண்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, பானெட்டைக்கூடத் திறக்காமல், "கார்புரேட்டர் போச்சு, மாத்தணும்" என்றார். இழுத்துப் போக 350 வெள்ளியாம்! மூன்று நாளைக்கு எனக்கு இருந்த மொத்தக் கணக்கே 600. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பயந்து நிற்கும் ஆளிடம் இப்படிக் கேட்பது பகல் கொள்ளை.

எப்படியோ உருட்டி லிட்டில் இந்தியா வந்து, 90 வெள்ளி அறையில் பையைப் போட்டுவிட்டு நாசி கண்டார் கடைக்குப் போனேன். அந்தச் சோற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் தண்டின் இரு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றது. கண்டார் என்ற பெயரே அந்தத் தண்டிலிருந்து வந்ததுதான். கோழி, வெண்டைக்காய், மேலே நாலு வகைக் குழம்பும் கலந்து 'பஞ்சீர்' கேட்டு வாங்கினேன். 14 வெள்ளி. கோலாலம்பூரில் இந்தப் பெயரில் கிடைப்பதெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. கல்லாவில் இருந்தவரிடம் பழைய காடி பார்க்கும் ஆள் யாராவது உண்டா என்று கேட்டதில், ஜெலுத்தோங்கில் ஒரு சந்தின் பெயரைச் சொன்னார்.

மறுநாள் காலையில் போனேன். எழுபதைத் தாண்டிய அண்ணன் ஒருவர், வீட்டு முன்கூரைக்குக் கீழேதான் பட்டறை. கார்புரேட்டர் என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "பாதிப் பேரு கார்புரேட்டர்னு நெனைக்கிறது பாயின்ட்ல இருக்கும் தம்பி." பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டின் இடைவெளியை அளந்தார். 0.38 மில்லிமீட்டர், சரி. பிளக் நாலையும் துடைத்து 0.64க்கு வைத்தார். அப்புறம் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். பெட்ரோல் பம்ப் டக் டக் என்று சில தடவை தட்டி நின்றது. நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் மிதவை ஊசி மூடாமல் பெட்ரோல் வழிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அந்தக் கவலையும் தீர்ந்தது.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் கார்புரேட்டர் பக்கம் வந்தார். பக்கவாட்டில் இருக்கும் சிறிய பின்னை விரலால் தள்ளி, உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கினார். எஞ்சின் வேகம் ஏறி, ஏறிய வேகத்திலேயே ஓடியது. பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். குறைவாக இருந்தால் உடனே இறங்கி அணையப் பார்க்கும். சரியாக இருந்தால் லேசாக ஏறிப் பழைய வேகத்துக்கே வந்துவிடும். எனக்கு இத்தனை வருடமாக இது தெரியாது.

அப்புறம் மேலே இருந்த கருப்பு மூடியைத் திருகி எடுத்தார். அதோடு வரும் கம்பி உலர்ந்திருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. எக்சலேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளாமல் நிதானமாக ஏறுவதற்கு அந்த எண்ணெய்தான் பிடித்துக்கொள்கிறது. அந்த நொடியில், பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் மேல் உறிஞ்சல் கூடி, பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வரும். எண்ணெய் வற்றினால் பிஸ்டன் ஒரே தாவாகத் தாவும், காற்று அதிகமாகும், எஞ்சின் தயங்கும். ஆரம்பத்தில் எனக்கு இருந்த கோளாறு இவ்வளவுதான்!

கோலாலம்பூரில் அதைப் பார்க்காமல், அடியில் இருக்கும் நட்டைத் திருகி ஜெட்டை இறக்கியிருக்கிறார்கள். தயக்கம் குறைந்தது, ஆனால் எல்லா வேகத்திலும் பெட்ரோல் கூடிப்போனது. அண்ணன் மேல் கூட்டைக் கழற்றி, பிஸ்டனைத் துடைத்துவிட்டு, நட்டை மேலே திருகிக்கொண்டே எண்ணினார். ஜெட் மேல்மட்டத்துக்கு வர 20 பட்டை, அதாவது நட்டின் 20 பக்கம். ஆறு பட்டை ஒரு சுற்று. இரண்டு சுற்று, அதாவது 12 பட்டை இறக்கித்தான் வழக்கமாக ஆரம்பிப்பார்களாம். கூட்டை மாட்டி, பிஸ்டனைத் தூக்கிவிட்டார். டொக் என்று சுத்தமாக விழுந்தது. ஜெட் நடுவில்தான் இருக்கிறது. எண்ணெய் ஊற்றி, பின்னைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, கடைசியில் 11 பட்டையில் நிறுத்தினார்.

60 வெள்ளி கேட்டார். நான் நூறு நீட்டினேன். நாற்பதைத் திருப்பிக் கையில் வைத்துவிட்டார்.

அன்று மதியமே துன் சார்டோன் சாலையில் மலையேறி பாலிக் பூலாவ் போனேன். வளைவுக்கு வளைவு மிதித்தவுடன் இழுத்தது. புகை இல்லை. சந்தைப் பக்கம் ஒரு கிண்ணம் அசாம் லக்சா சாப்பிட்டேன். மீன் அரைத்த அந்தப் புளிக்குழம்புக்காகவே இன்னொரு தடவை மலையேறலாம். காடி ஆறியதும் பிளக்கைக் கழற்றினேன். பிஸ்கட் நிறம், பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்தால் வருவது. ரோட்டோரம் நின்று அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போகும்போது சுமார் 350 கிலோமீட்டருக்கு 41 லிட்டர். திரும்பும்போது 27. அந்த 280 வெள்ளி ரசீது பணப்பையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலை பட்டறை திறக்கும்போது வாசலில் நிற்பேன்.