350 எஞ்சினுக்கு 750 கார்புரேட்டர் தேவையா?

பெரியதாக இருந்தால் வேகம் கூடும் என்று நம்பி, என் 1970 கமாரோ காரின் 350 கன அங்குல வி8 எஞ்சினில் முதலில் 750 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) கார்புரேட்டரை, அதாவது காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்குத் தரும் கருவியைப் பொருத்தினேன். சிக்னலில் நின்று ஆக்சிலரேட்டரை அழுத்தினால், எஞ்சின் ஒரு கணம் திணறிய பிறகே வண்டி பாயும். கழற்றிப் பார்த்த ஸ்பார்க் பிளக்குகளில் கரி படிந்திருந்தது. கார்புரேட்டரில் காற்று செல்லும் குறுகிய பாதையான வென்சுரி அகலமானால் குறைந்த சுழற்சியில் காற்றின் வேகம் தளர்ந்து, பெட்ரோல் சரியாகக் கலப்பதில்லை.

எஞ்சினுக்கு எத்தனை சிஎஃப்எம் தேவை என்று அறிய, அதன் கன அங்குலத்தை நிமிடத்துக்கான உச்சச் சுழற்சியால் பெருக்கி 3456-ஆல் வகுக்க வேண்டும். 6000 சுழற்சிக்கு ஏறத்தாழ 608 வரும். சாதாரண எஞ்சின் அதில் 85 சதவீதம் அளவுக்கே காற்றை இழுத்துக்கொள்வதால், உண்மைத் தேவை 516 சிஎஃப்எம்தான். ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட கனமான வண்டி என்பதால், நான்கு காற்றுத் துளைகளில் பின்னிரண்டும் காற்றோட்டத்துக்கு ஏற்ப வேக்குவத்தால் (காற்றழுத்தக் குறைவால்) திறக்கும் 600 சிஎஃப்எம் வகையையே இப்போது மனநிறைவோடு ஓட்டுகிறேன்.