தலைத்தீபாவளிப் பார்சல்: நாட்குறிப்பு

24.09.2024, செவ்வாய்

விடுப்பு கிடைக்காது என்று மகள் முடிவாகச் சொல்லிவிட்டாள். பெண்ணும் மாப்பிள்ளையும் வராத தலைத்தீபாவளிக்குச் சீர் மட்டும் ஜெர்மனியிலுள்ள டார்ட்மண்டுக்குப் போக வேண்டும். இன்னும் முப்பத்தேழு நாள் இருக்கிறது.

26.09.2024, வியாழன்

தபால் அலுவலகத்தில் விசாரித்து வந்தேன். மாப்பிள்ளைக்கு வாங்கிய மோதிரத்தைச் சாதாரணப் பார்சலில் வைக்கக் கூடாது. தங்கம், நாணயம், பணத்தாள் எல்லாவற்றுக்கும் அதே விதிதான். கம்பி மத்தாப்பு வெடிபொருள் என்பதால் ஒரு பெட்டிகூட ஆகாது. இவர் ஆசைப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் போகாது; பாலோ இறைச்சியோ சேர்ந்த பண்டங்களை வெளிநாட்டிலிருந்து தனிநபர் பார்சலில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. அப்படியானால் சீர் என்று எதைத்தான் அனுப்புவது என்று இவர் என்னிடம் கோபித்துக்கொள்கிறார், விதிகளை நான்தான் எழுதியதுபோல.

28.09.2024, சனி

லேகியத்தைப் பற்றியே நாள் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் ஒரு உருண்டை வாயில் போடாமல் அவள் ஒரு வருடமும் இருந்ததில்லை. ஆனால் அதில் நெய் இருக்கிறது, தேன் இருக்கிறது, பெயர்ச்சீட்டு இல்லாத கறுப்புக் களிம்பாக ஒரு பாட்டிலில் இருப்பதைப் பார்க்கும் சுங்க அதிகாரி அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்? மருந்து என்று எழுதினால் இன்னும் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனிநபர்கள் தபாலில் மருந்து வரவழைக்க ஜெர்மனியில் பொதுவாக அனுமதி இல்லை. ஆகவே சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை ஆகியவற்றைத் தனித்தனிப் பொட்டலமாகப் பெயர் எழுதி அனுப்புவது என்றும், நெய்யும் தேனும் அங்கேயே வாங்கி அவளே கிளறிக்கொள்வது என்றும் முடிவு செய்தேன். நல்லெண்ணெய் ஈழத்தமிழர் கடையில் கிடைக்கிறதாம்.

இவருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. "சின்ன பாட்டில்தானே, புடவை மடிப்புக்குள் வைத்தால் யாருக்குத் தெரியும்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

01.10.2024, செவ்வாய்

பரிசு என்று எழுதினாலும் 45 யூரோவைத் தாண்டினால் வரி உண்டு. பட்டுப்புடவை ஒன்றே அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. ஐந்நூறு ரூபாய் என்று போட்டுவிடலாம் என்பது இவர் யோசனை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன கையால் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. தொலைந்துபோனால் ஐந்நூறு ரூபாய்க்குத்தான் பேச முடியும் என்பதும் உண்மை. ரசீதின் நகலைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டுப் பெட்டிக்கு வெளியே ஒட்டப்போகிறேன். வரியை அவளுக்கு நான் அனுப்பிவிடுவேன்.

03.10.2024, வியாழன்

பெட்டி கட்டி முடிந்தது. முறுக்கு வேண்டாம் என்று முன்பே தீர்மானித்திருந்தேன். என்ன செய்தாலும் அது தூளாகத்தான் போய்ச் சேரும். சீடையும் பொருள்விளங்கா உருண்டையும் பிஸ்கட் டப்பாவில் போகின்றன. பொருள்விளங்கா உருண்டையால் பல்லுக்குத்தான் ஆபத்து, பயணத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. டப்பாவின் வாயைச் சுற்றி ஒட்டுநாடா ஓட்டி, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன்; கடகடவென்று சத்தம் வந்ததும் திறந்து, ஒரு பழைய மல் துணியைத் திணித்து மூடினேன். நான்காவது முறைதான் சத்தம் நின்றது. மேலே ஒட்டிய முகவரி கிழிந்துபோனாலும் தெரியட்டும் என்று இன்னொரு தாளில் முகவரி எழுதிப் பெட்டிக்குள்ளும் வைத்திருக்கிறேன். அப்பா வெள்ளைத் துணி சுற்றிக் கோணி ஊசியால் தைத்து, முடிச்சுக்கு முடிச்சு அரக்கு வைத்த பார்சல்கள் நினைவுக்கு வந்தன.

ஒட்டுகிற வேலையை இவர் ஏற்றுக்கொண்டார். நான் அடுப்பைக் கவனிக்கப் போனேன்.

04.10.2024, வெள்ளி

அனுப்பியாயிற்று. எடை 4 கிலோ 850 கிராம். உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கணினியில் ஏற்றினார்கள். "சித்தரத்தைக்கு என்ன போடுவது, டீச்சரம்மா?" என்று கேட்ட பையனுக்கு, உலர்ந்த வேர் என்று சொன்னேன்.

09.10.2024, புதன்

இன்று உலக அஞ்சல் தினம். 1874இல் பெர்ன் நகரில் தொடங்கிய அஞ்சல் ஒன்றியத்துக்கு 150 வயது என்று செய்தி பார்த்தேன். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், மறுபடி இரண்டு எழுத்து: இந்த எண்ணைக் கொண்டே இங்கும் அங்கும் பார்சலைத் தேடலாம் என்பது அவர்கள் செய்த ஏற்பாடுதான். தேடினேன். சென்னையிலேயே நிற்கிறது.

12.10.2024, சனி

விஜயதசமி. சமையலறை மேல்தட்டில் போன வருடத்து லேகிய பாட்டிலைக் காணவில்லை.

13.10.2024, ஞாயிறு

இவரிடம் கேட்டேன். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

14.10.2024, திங்கள்

நான் கையெழுத்துப் போட்ட சுங்கப் படிவத்தில் லேகியம் என்ற சொல்லே இல்லை. கையெழுத்து என்னுடையது.

21.10.2024, திங்கள்

ஜெர்மனி போய்ச் சேர்ந்துவிட்டது. மகிழ்ச்சிப்பட முடியவில்லை.

26.10.2024, சனி

அவளுக்குச் சுங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. விலை ரசீதும் அடையாள அட்டையும் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் இருக்கிறதாம். அலுவலர் முன்னிலையில் அவளே பெட்டியைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்கிறாள். ரசீது வெளியேதான் ஒட்டப்பட்டிருந்தது. அது வழியில் உரிந்து விழுந்துவிட்டதா, அல்லது பாட்டில்தான் காரணமா?

28.10.2024, திங்கள்

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் கேட்பதற்கு முன்பே பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிடு, எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடு என்றேன். "அப்பாவா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரசீதைப் படம் எடுத்து மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். மோதிரம் பீரோவில் இருக்கிறது; அது ஒன்றாவது என் கண்ணெதிரே பத்திரமாக இருக்கிறது.

30.10.2024, புதன்

காலை பத்து மணிக்கு அங்கே போகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்பதால் நமக்கு அது மதியம் இரண்டரை. இந்த வருடத்து லேகியத்துக்கு வெல்லப்பாகு அடுப்பில் இருக்கிறது. இவர் சாப்பிடாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

மணி இரண்டு இருபது.