பதினெட்டாவது பினாங்கு

பினாங்குக்கு இதுவரை எத்தனை தடவை போயிருப்பேன் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். தைப்பூசம், நாத்தனார் மகள் கல்யாணம், அவளுக்கே வளைகாப்பு, ஒரு கருமாதி, மறுபடியும் தைப்பூசம். பதினேழு வந்தது. அந்தப் பதினேழில் ஒரு தடவைகூட நான் பினாங்கைப் பார்க்கவில்லை.

கோலாலம்பூர் செந்தூலில் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைக்கிறேன். முப்பது வருஷமாகிறது. தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் எனக்குப் பகல், ராத்திரி தெரியாது. இந்தத் தடவை கடைசி ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுத்த பிறகும் வலது கண் துடிப்பது நிற்கவே இல்லை. தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு வீட்டுக்காரரிடம், "மூணு நாள் பினாங்கு போயிட்டு வரேன்" என்றேன்.

"ஏன், யாருக்கு என்ன?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. யாருக்காவது ஏதாவது என்றால்தான் நான் வாசல் தாண்டியிருக்கிறேன். மகள்தான் ஃபோனில் ஈடிஎஸ் என்ற மின்சார ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாள். "ஜன்னல் பக்கமா போடவாம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எங்கள் வேனில் என் இடம் நடுசீட்டு. மடியில் யார் வீட்டுப் பிள்ளையாவது தூங்கும், காலடியில் சோற்றுப் பானை இருக்கும்.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போனதில் ஒன்று தெரிந்தது. தைப்பிங் தாண்டியதும் புக்கிட் மேரா ஏரியின் நடுவே தண்டவாளம் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், ரயில் அதன் மேல் மிதப்பது போல இருந்தது. பக்கத்தில் இருந்த பையனிடம் காட்டலாம் என்று திரும்பினேன். அவன் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். சரி, நானே பார்த்துக்கொண்டேன்.

பட்டர்வொர்த்தில் இறங்கி, தீவுக்கு ஃபெரி. கார்களையும் ஏற்றிக்கொண்டு போகும் பழைய இரட்டைத் தட்டு ஃபெரி போய்விட்டது, 2023-இலிருந்து ஓடுவது சின்னப் படகு. கண்ணாடிக்குள் குளிர்சாதனம். பழசில் முகத்தில் உப்புக்காற்று அடிக்கும். அதற்கு இது ஈடில்லை என்பது என் கட்சி.

தங்கும் விடுதியில் ஒரு கூத்து. கவுண்டரில் இருந்த தம்பி என் அடையாள அட்டையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். "ஆன்ட்டி, அங்கிள் கார் பார்க் பண்றாரா?"

"அங்கிள் செந்தூல்ல மீன் பொரிக்கிறாரு."

ஒருத்திக்குத்தான் பதிவு. இருந்தாலும் காலைப் பசியாறலுக்கு இரண்டு சீட்டு கொடுத்தான். அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான் தெரிந்தது. முதல் ராத்திரி நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன். இரண்டாம் ராத்திரி அது ஞாபகத்துக்கே வரவில்லை.

தனியாகப் போவதில் எனக்குப் பெரிய பயம் சாப்பாடுதான். செலவைச் சொல்லவில்லை, தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைச் சொல்கிறேன். நாசி கண்டார் கடையில் வரிசையில் நின்றேன். கண்டார் என்றால் மலாயில் தோளில் சுமக்கும் காவடிக் கம்பு. ஒரு முனையில் சோறு, மறு முனையில் கறி என்று தொங்கவிட்டு, நம் தமிழ் முஸ்லிம்கள் தெருத் தெருவாகச் சுமந்து விற்ற சாப்பாடு அது. என் முறை வந்ததும் கரண்டிக்காரர் கேட்டார்: "எத்தனை பேருக்குக்கா?"

"எனக்கு மட்டும்தாண்ணே."

"குழம்பு பஞ்சிரா?"

பஞ்சிர் என்றால் வெள்ளம். நாலு குழம்பையும் ஒன்றாக ஊற்றிச் சோற்றை முழுகடிப்பது. வீட்டில் முதலில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிட்டுப் பழகினவள் நான். சூடாக, முழு மீன்முட்டையோடு ஒரு தட்டு என் முன்னால் வந்தபோது கொஞ்ச நேரம் கை வைக்கத் தோன்றவில்லை. யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை நாள் யார் பார்ப்பார்கள் என்று பயந்தேனோ தெரியவில்லை.

மறுநாள் காலை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கமாக நடந்தேன். அந்தப் பெயரைப் பலகையில் பார்த்ததும் கால் நின்றது. பள்ளியில் என் சடையை இழுத்துவிட்டு ஓடுகிற பிள்ளைகள் எங்களைக் கேலியாக அழைத்த வார்த்தை, கெலிங். இங்கே மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அது எப்படிக் குத்தும் என்று தெரியும். ஆனால் இந்த இடத்தில் அது ஒரு பதவி. 1801-இல் இந்தப் பள்ளிவாசலுக்கு அடிபோட்ட காதர் முகைதீன், தென்னிந்தியர்களுக்குத் தலைவராக இருந்த கப்பித்தான். அதே வார்த்தை இங்கே வெள்ளைக் கோபுரத்தின் கீழ் நிமிர்ந்து நிற்கிறது. எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. இரண்டு தெரு தள்ளி, குவீன் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலில் போய் உட்கார்ந்த பிறகும் அது அடங்கவில்லை.

அப்புறம்தான் அந்தக் கடை. ஆர்மேனியன் ஸ்திரீட்டில் சுவர் ஓவியங்களைப் படம் எடுக்கும் கூட்டத்திலிருந்து ஒதுங்கலாம் என்று ஒரு பழைய கடைவீட்டுக்குள் நுழைந்தேன். கம்பியில் கெபாயாக்கள், இந்தப் பக்கத்துப் பெண்கள் உடுத்தும் மேல்சட்டைகள், தொங்கின. நியோன்யா கெபாயா, அதாவது மலாய்ப் பழக்கவழக்கத்தோடு கலந்துபோன சீனக் குடும்பத்துப் பெண்களுடையது, வாயில் (voile) என்ற துணியில், மெல்லிசாக. முன்பக்கம் இரண்டு முனையும் கூராக இறங்கும். பொத்தான், கொக்கி ஒன்றும் கிடையாது, கெரோங்சாங் என்று சங்கிலியில் கோத்த மூன்று புரூச்சால் பூட்டிக்கொள்வார்கள். ஓரம் முழுக்கப் பூ, பூவுக்கு நடுவே சன்னச் சன்னமாக ஓட்டை.

தையல்காரி எந்தத் துணியையும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பாள். திருப்பினேன். பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருந்தது. ஒரு முடிச்சு இல்லை, தொங்கும் நூல் இல்லை. கையால் போட்டதோ என்று கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"மெஷின்" என்றார் கடைக்கார அம்மாள் மலாயில். எழுபதுக்கு மேல் இருக்கும், சீனர். "நீ தைப்பவளா?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன். மற்றவர்கள் விலைச் சீட்டைத்தான் திருப்புவார்களாம்.

நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். மிதி மெஷினில் ஊசிக்குக் கீழே துணியை அழுத்தும் காலைக் கழற்றிவிட வேண்டும். துணியை வளையத்தில் இறுக்கிப் பூட்டி, இரண்டு கையாலும் வளையத்தை நகர்த்தி நகர்த்தி, ஊசியைப் பேனா மாதிரி வைத்துப் பூ வரைய வேண்டும். காலும் கையும் ஒரே தாளத்தில் போகாவிட்டால் நூல் அறும். ஓட்டைக்கு, ஓரத்தை முதலில் தைத்துக்கொண்டு, சின்னக் கத்தரியால் உள்துணியை வெட்டி எடுத்து, வெட்டிய இடத்தில் நூலாலேயே சிலந்தி வலை போலப் பாலம் போட வேண்டும். இதற்குப் பெயர் தெபுக் லூபாங். 2024 டிசம்பரில் மலேசியா உட்பட ஐந்து நாடுகள் சேர்ந்து கேட்டு, கெபாயா யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதைச் செய்தியில் கேட்டிருக்கிறேன். அப்போது ஏதோ உடுப்பு என்று சோற்றுக்கு உலை வைக்கப் போய்விட்டேன். அதுவும் நான் மிதித்து வளர்ந்த அதே கறுப்பு மிதி மெஷினில் பிறந்த வேலை என்று யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்து மணி பார்த்தால் மூன்று மணி நேரம் போயிருந்தது. கூட யாராவது வந்திருந்தால் பத்தாவது நிமிஷம், "வாம்மா, நேரமாச்சு" என்று கிளப்பியிருப்பார்கள்.

மூன்றாம் நாள் விடிகாலை தண்ணீர்மலை. பாலதண்டாயுதபாணி கோயில் 2012-இல் மலை மேலே புதிதாக எழும்பி, குடமுழுக்கும் ஆனது. அதற்கப்புறம் வந்த தைப்பூசங்களில் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஏறியிருக்கிறார்கள். நான் அடிவாரத்தில் செருப்புக்கும் பைக்கும் தூங்குகிற பிள்ளைக்கும் காவல். படி 513 என்பது ஊரறிந்த கணக்கு. முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே நான் எண்ணி ஏறினதில் 509 வந்தது, எங்கேயோ நாலு படிக்குத் தையல் விட்டுப்போயிருக்கிறது. மேலே ஆள் அதிகமில்லை. கீழே பச்சை, அதற்கப்பால் கட்டடங்கள், அதற்கும் அப்பால் கடல். வேண்டிக்கொள்ள நிறைய இருக்கும் என்று நினைத்துத்தான் ஏறினேன். மூச்சு வாங்கியதில் எல்லாம் மறந்துபோய், "முருகா, தண்ணி" என்றுதான் வாயில் வந்தது.

வந்து மூன்று வாரமாகிறது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் வேலைத் துணியை எல்லாம் ஒதுக்கிவிட்டு, மிச்சம் விழுந்த வாயிலை வளையத்தில் பூட்டி உட்காருகிறேன். முதல் நாலு துண்டும் கிழிந்தன. ஐந்தாவதில் பூ மாதிரி ஒன்று வந்தது, வீட்டுக்காரர் அதைப் பார்த்து நண்டு என்றார். ஏழாவதில் ஒரு ஓட்டையும் அதற்குள் பாலமும் நின்றன. அதை ஒரு ரவிக்கையின் பின்கழுத்தில் வைத்து மாட்டியிருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வரும் வாடிக்கைக்காரப் பெண் பார்த்துவிட்டு, பொங்கலுக்குத் தனக்கும் அப்படி வேண்டும் என்கிறாள். கூலி என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. அந்த அம்மாளிடம் அதைக் கேட்காமல் வந்துவிட்டேன்.