குளம் தூர்வாரும்போது மீனையும் நினையுங்கள்

இலங்கையின் 103 ஆற்றுப்படுகைகளில் நன்னீர் மீன் வளம் செறிந்திருப்பது தென்மேற்கு ஈரவலயத்தில்தான். களனி, களு, ஜின், நில்வளா ஆறுகளின் நிழலோடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள் பல வாழ்கின்றன. யாழ்ப்பாணத்திலோ வருடம் முழுக்க ஓடும் ஆறே கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடலோடு சேரும். அதனால் எங்கள் குளங்களில் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறோம். இங்கே இனங்கள் குறைவுதான், ஆனால் வற்றும் தண்ணீரைத் தாங்கவென்றே அமைந்தவை அவற்றில் உண்டு.

விரால், பனையேறி, சுங்கான் என்ற மூன்று மீன்களும் காற்றையும் சுவாசிக்கும். சுங்கானுக்குச் செவுளிலிருந்து வால் பக்கமாக உடம்புக்குள் நீளும் இரண்டு காற்றுப் பைகள் இருக்கின்றன. குளம் சேறாகிப் பிராணவாயு குறைந்ததும் கெண்டைகள் செத்து மிதக்கும். இந்த மூன்றும் மேலே வந்து ஒரு வாய் காற்றெடுத்துத் திரும்பும்.

மாரியில் செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டமொன்று தண்ணீரின் மேல் கொப்பளித்தால், கீழே பெரிய விரால் காவல் நிற்கிறது. அந்த நேரம் தூண்டில் போடாதீர்கள். காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை.

இனங்களைப் பதிவுசெய்யத் தை, மாசி நல்ல காலம். சிறுகண் கைவலையால் அள்ளி, வெள்ளைக் கோப்பையில் தண்ணீரோடு விட்டு, பக்கவாட்டில் படமெடுத்துத் திரும்ப விடுங்கள். கெளிறுக்கும் சுங்கானுக்கும் நான்கு சோடி மீசை இருப்பதால் பலர் குழம்புவார்கள். முதுகில் வாலுக்கு முன்னால் சதைச் செட்டை இருந்தால் கெளிறு. அது இல்லாமல் அடிச்செட்டை வால்வரை நீண்டால் சுங்கான். அதன் மார்புச் செட்டை முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் கை பொறுக்கும் சூட்டு நீரில் அரை மணி நேரமாவது வைத்து, வைத்தியரிடம் காட்டுங்கள்.

1952 இல் நாட்டுக்குள் வந்த யப்பான் மீன் (திலாப்பியா) இரணைமடு போன்ற பெரிய குளங்களில் பலரின் பிழைப்பு. அதைக் குறை சொல்ல மனமில்லை. ஊர்க்குளத்தில் விட்டால் அது விரைவாகப் பெருகி, உள்ளூர்க் கெண்டைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். தொட்டியில் வளர்த்த கப்பி (guppy), சக்கர் (sucker) போன்ற அழகு மீன்களைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் வேண்டாம்.

தூர்வாரும்போது அடியை ஒரே மட்டமாகச் சுரண்டாமல் ஒரு மூலையை ஆழமாக விடுங்கள், கோடையில் மீன் அங்கே ஒதுங்கும். கரை முழுக்கச் சீமெந்துச் சுவர் எழுப்பினால், முதல் மழைக்கு வயலிலிருந்து வாய்க்கால் வழியே ஏறிவரும் பனையேறிக்கு வழி அடைபடும். வாய்க்கால் சேரும் இடத்திலாவது மண்சரிவாக விட்டுவிடுங்கள்.