'ஸ்டால்' என்றால் இன்ஜின் நிற்பதல்ல

தரையிலிருந்தே விமானம் ஓட்டிப் பழக உதவும் ஃப்ளைட் சிமுலேட்டரின் முன் புதிதாக அமர்பவர்கள் முதலில் தடுமாறுவது 'ஸ்டால்' என்ற சொல்லில்தான். கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது இன்ஜின் நின்றுபோவதையே நினைவூட்டும். என் தம்பி மகளும் அப்படியே எண்ணிக்கொண்டு, செஸ்னா 172 விமானத்தில் எச்சரிக்கை ஒலி எழுந்ததும், இன்ஜின் வலுவைக் கூட்டும் த்ராட்டிலை முழுவதும் முன்னே தள்ளியபடி மூக்கை இன்னும் மேலே தூக்கினாள். விமானமோ ஒரு பக்கமாகச் சரிந்து கீழே இறங்கியது.

நின்றுபோனது இன்ஜின் அல்ல; சட்டெனக் குறைந்தது இறக்கை தரும் தூக்குவிசை. எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டும்போது, இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லவேண்டிய காற்று பிரிந்து சிதறிவிடுவதால், இன்ஜின் முழு வலுவுடன் ஓடினாலும் விமானம் தாழத் தொடங்குகிறது. மேசை விசிறியின் முன் ஓர் அஞ்சலட்டையைப் பிடிக்கச் சொன்னேன். சற்றே சாய்த்தபோது அது மேலே எழும்பியது. அதிகம் நிமிர்த்தியபோது பின்னோக்கித் தள்ளியதே தவிர எழும்பவில்லை. அடுத்த முறை ஒலி கேட்டவுடன், நான் எதுவும் சொல்லாமலேயே மூக்கைத் தாழ்த்தினாள்.

அடுத்த சொல்லான 'ட்ரிம்' எளிது: நெடுநேரம் யோக்கை (மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் கைப்பிடியை) இழுத்துப் பிடித்திருக்கும் கையின் பாரத்தை வாங்கிக்கொள்ளும் சக்கரம் அது. உயரங்காட்டும் கருவியான ஆல்டிமீட்டருக்குத்தான் சற்றுப் பொறுமை வேண்டும். அது உண்மையில் அளப்பது காற்றழுத்தத்தை. அதையே உயரமாக மாற்றிக் காட்டுகிறது. ஆகவே அதில் நாம் அமைக்கும் கடல்மட்டக் காற்றழுத்தத்தை 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) பிசகாக வைத்தாலும், கடல்மட்டத்தருகே உயரம் ஏறத்தாழ 27 அடி மாறிவிடும்.