ஏரிக்கரைச் சிலையில் தொடங்கும் பாடம்

பெங்களூரில் இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் எனக்கு, பண்பாட்டறிவையும் வகுப்பிலேயே கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் ஆண்டுக்காண்டு உறுதிப்பட்டு வருகிறது. வாசகருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறவர் விளக்காமல் விட்ட செய்திகள் பிடிபடாவிட்டால், சொற்கள் அத்தனையும் தெரிந்திருந்தும் ஒரு தலையங்கம் மாணவருக்கு விளங்குவதில்லை. அமெரிக்கப் பேராசிரியர் இ. டி. ஹிர்ஷ் 1987இல் இதை வலியுறுத்தி, அறிந்திருக்க வேண்டியவற்றின் நீண்ட பட்டியலையும் தந்தார். பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அல்சூர் ஏரிக்கரையில் உள்ள திருவள்ளுவர் சிலையிலிருந்தே நான் தொடங்குகிறேன். 18 ஆண்டுகள் மூடியே கிடந்த அச்சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டதையும், நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டதையும் சொன்னதும், தினமும் அவ்வழியே பேருந்தில் வருகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஏன் மூடினார்கள் என்ற கேள்வி காவிரிச் சிக்கலுக்கும், 1991 டிசம்பரில் இந்நகரம் கண்ட கலவரத்துக்கும் அழைத்துச் செல்கிறது. சர்வக்ஞர் யார் என்று தமிழ் மாணவர்கள் விழிக்கும்போது, கன்னட மாணவி ஒருத்தி அவருடைய மூவடிப் பாடலொன்றை எழுந்து நின்று சொல்கிறாள். பிறகு இரண்டடியில் குறள் எப்படி நிறைவு பெறுகிறது என்று அவளே கேட்கிறாள். அந்த ஒரு மணி நேரம் எனக்குப் போதுவதேயில்லை.

அடுத்து டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளைத் தமிழ் மாணவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்க, மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள்.